கரு நீக்கிய அரிசியில் ஜிப்ரெலின்: ஓர் ஆய்வக மேஜைக் குறிப்பு

குட்டை நெல் ஏன் குட்டையாக இருக்கிறது என்பதற்கு இரண்டு விடை இருக்க முடியும். ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செடிக்குள் போதிய அளவு உற்பத்தியாகாமல் இருக்கலாம். இல்லையென்றால், ஹார்மோன் இருந்தும் செடி அதற்குச் செவிசாய்க்காமல் இருக்கலாம். வயல் வரப்பில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் குட்டைதான். மரபணுவில் போய்ப் பார்த்தால் இரண்டும் அடியோடு வேறு. இன்றைய குட்டை நெல் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் விடைதான் சரி என்பது 2002-லேயே தெளிவாகிவிட்டது. ஆனாலும் என் பிஎச்டி வேலை முழுக்க இதன் மேல்தான் நிற்கப்போகிறது. அதனால் என் கையிலிருக்கும் விதையில் இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மேலே போவது என்று முடிவு செய்தேன். அந்த வேலை நடந்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். தாவர ஹார்மோன் பக்கம் புதிதாக வரும் மாணவர்களுக்குச் சில இடங்களிலாவது நேரம் மிச்சமாகும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். ஜிப்ரெலினை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே நெற்பயிர்தான். ஜப்பானில் 'பகானே' என்று சொல்லும் நோய் பிடித்த நாற்று வெளிறிப்போய், மற்றதைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, கடைசியில் கதிர் பிடிக்காமல் வீணாகும். அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் வேலை பார்த்த குரோசாவா, அந்த நோய்க்குக் காரணமான பூஞ்சையை வளர்த்த திரவத்தை மட்டும் வடிகட்டி நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். பூஞ்சையே இல்லாமல் நாற்று நீண்டது. அது 1926. அந்தப் பொருளுக்கு ஜிப்ரெலின் என்று யாபுதா பெயர் வைத்தது 1935-இல். செடியும் தன் சொந்தத் தேவைக்கு இதையே தயாரிக்கிறது என்பது அப்புறம்தான் தெரியவந்தது.

குட்டை நெல் கதை 1966-இல் சூடுபிடிக்கிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஆண்டு ஐஆர் 8 ரகத்தை வெளியிட்டது. பெட்டா என்ற நெட்டை ரகத்தையும், தைவானிலிருந்து வந்த டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் கலந்து எடுத்தது அது. குட்டைத்தன்மை தைவான் பக்கத்திலிருந்து வந்தது. அதற்குக் காரணமான மரபணுவின் பெயர் எஸ்டி1. ஜிப்ரெலின் தயாரிப்பின் கடைசிப் படிகளில் ஒன்றைச் செய்யும் ஜிஏ20-ஆக்சிடேஸ் என்ற நொதிக்கான மரபணு அது. குட்டை ரகத்தில் அதிலிருந்து 383 டிஎன்ஏ எழுத்துகள் அப்படியே காணாமல் போயிருக்கின்றன. நொதி ஒழுங்காக உருவாகாது, தண்டில் ஹார்மோன் குறையும், தண்டு நீளாது, உரம் நிறையப் போட்டாலும் பயிர் சாயாது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மரபணு பூக்கும் பகுதியில் இயங்குவதால் மணி பிடிப்பதில் குறை வருவதில்லை. எத்தனை பொருத்தமான இடத்தில் விழுந்த ஓட்டை!

கோதுமையின் பசுமைப் புரட்சி ரகங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஹார்மோன் நிறையவே இருக்கிறது. ஹார்மோன் வந்ததும் அழிந்துபோக வேண்டிய ஒரு புரதம், வடிவம் மாறி, அழியாமல் நின்றுவிடுகிறது. 1999-இல் வந்த கண்டுபிடிப்பு அது. ஒரே பசுமைப் புரட்சி, ஒரே குட்டைத்தன்மை, காரணம் மட்டும் இரண்டு. இதைப் படித்த அன்றுதான் இந்தத் துறையிலேயே இருந்துவிடுவது என்று எனக்குத் தோன்றியது.

சரி, வேலைக்கு வருவோம்.

இரண்டு ரகம் எடுத்துக்கொண்டேன். குட்டைக்கு ஐஆர் 64, நெட்டைக்கு மாப்பிள்ளைச் சம்பா. இரண்டையும் நெல்லாகவே வாங்க வேண்டும். கடை அரிசி உதவாது. வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியில், நமக்கு வேண்டிய அலியூரோன், அதாவது அரிசியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிருள்ள அடுக்கு, தவிட்டோடு போயிருக்கும். புழுங்கல் என்றால் அவித்த சூட்டிலேயே உயிர் போயிருக்கும். விதை நேர்த்தி செய்து சாயம் ஏற்றிய விதையையும் தவிர்த்துவிடுங்கள். டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் பல, செடியின் ஜிப்ரெலின் தயாரிப்பிலும் கைவைக்கக் கூடியவை. ஹார்மோன் சோதனைக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேண்டாம். நான் எந்த மருந்தும் தொடாத நெல்லை விதை வைத்திருப்பவர்களிடம் நேரில் கேட்டு வாங்கினேன். அறுவடை முடிந்த கையோடு வந்த நெல்லில் உறக்கம் கலைந்திருக்காது. அதனால் 50 டிகிரி சூட்டில் ஐந்து நாள் உலர் அடுப்பில் வைத்து எடுத்தேன்.

விதைப் பையின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பி ஒரு பிஎச்டியைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. நாற்று விட்டு, இலையில் டிஎன்ஏ எடுத்து, எஸ்டி1 மரபணுவில் அந்த 383 எழுத்து விடுபட்ட இடத்தின் இரு பக்கமும் பிரைமர் (எங்கிருந்து எங்குவரை பெருக்குவது என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு, அந்தப் பகுதியை மட்டும் பிசிஆரில் பெருக்கினேன். இந்தப் பகுதியில் ஜி, சி எழுத்துகள் நெருக்கமாக இருப்பதால் சாதாரணக் கலவையில் பட்டை மங்கலாகத்தான் வந்தது. 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்த்ததும் தெளிந்தது. ஜெல்லில் மாப்பிள்ளைச் சம்பாவின் பட்டை மேலே நிற்க, எழுத்து குறைந்த சிறிய துண்டு என்பதால் ஐஆர் 64-இன் பட்டை நன்றாகக் கீழே இறங்கி நின்றது. இனி இரண்டு பக்கமும் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

இப்போது சோதனையின் மையத்துக்கு வருகிறேன். நெல் முளைக்கும்போது கருவிலிருந்து ஜிப்ரெலின் கிளம்பி அலியூரோன் அடுக்குக்குப் போகிறது. அந்த அடுக்கின் செல்கள் ஆல்பா-அமிலேஸ் என்ற நொதியைத் தயாரித்து வெளியே விடுகின்றன. நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது, முளை அதைத் தின்று வளர்கிறது. கருவை வெட்டி எடுத்துவிட்டால் உத்தரவு போடும் இடம் போய்விடும், உத்தரவை நிறைவேற்றும் இடம் மட்டும் மிஞ்சும். அந்தப் பாதி அரிசிக்கு நாமே வெளியிலிருந்து ஜிப்ரெலின் கொடுத்தால் நொதி வருகிறதா இல்லையா? வந்தால் ரகத்துக்குக் காது கேட்கிறது. வராவிட்டால் கேட்கவில்லை. நொதி வந்ததைப் பார்க்க, பாதி அரிசியை ஸ்டார்ச் கலந்த அகார் தட்டில் வைத்துப் பிறகு அயோடின் ஊற்றுவோம்: நொதி ஸ்டார்ச்சை உடைத்த இடம் மட்டும் நீலமாகாமல் தெளிந்த வட்டமாகத் தெரியும். பார்லியில் 1960 முதலே செய்துவரும் சோதனை இது. இதைவிட நேரடியான ஹார்மோன் சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது.

லேபில் எனக்கு உதவிக்கு வந்த எம்எஸ்சி மாணவி முதல் நாளே கேட்டாள்: "அக்கா, கருவே இல்லாட்டி அது செத்த அரிசிதானே? அது எப்படிக்கா நொதி செய்யும்?" நல்ல கேள்வி. உமி நீக்கிய அரிசிக்குள் நாம் சாப்பிடும் வெள்ளைப் பகுதி முழுக்க, முதிர்ச்சியடையும்போதே இறந்துபோன செல்கள். அதைப் போர்த்தியிருக்கும் அலியூரோன் அடுக்கு மட்டும் காய்ந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. கருவை எடுத்தாலும் அதன் உயிர் போவதில்லை. பார்லியில் இந்த அடுக்கு மூன்று செல் தடிமன். நெல்லில் பெரும்பாலான இடங்களில் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை வரிசைச் செல்களை நம்பித்தான் இத்தனை வேலையும்.

உமி நீக்குவது கையால்தான். உமி நீக்கும் இயந்திரத்தில் போட்டால் தவிட்டில் கீறல் விழுகிறது. கீறல் விழுந்த இடத்தில் அலியூரோனும் போயிருக்கும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் ஏறும். நகத்தாலும் இடுக்கியாலும் உமியை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் அரிசியை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் ஒரு முனையில், ஓரமாக, சின்னப் பள்ளம் மாதிரி வெளிறிய இடம் தெரியும். அதுதான் கரு. மாப்பிள்ளைச் சம்பாவின் செந்தவிட்டில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 11-ஆம் எண் பிளேடால் அந்த முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போகும்படி குறுக்கே ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அறுக்கக் கூடாது, அறுத்தால் அரிசி நொறுங்குகிறது. கஞ்சத்தனமாக வெட்டினால் கருவை ஒட்டியிருக்கும் ஸ்குடெல்லம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் சொந்தமாக நொதி செய்யக்கூடியது, ஹார்மோனே கொடுக்காத தட்டிலும் வட்டம் காட்டிவிடும். வெட்டிய ஒவ்வொரு முகத்தையும் லென்ஸில் பார்த்து, வெள்ளை மாவு மட்டும் தெரிகிற துண்டுகளையே எடுத்தோம். அரிசியில் மஞ்சள் கீற்று தெரிந்தால் அது குப்பைக்கு.

பிறகு 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம். அடுத்து 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இருபது நிமிடம், நடுநடுவே குலுக்கல். கிருமியில்லாத காற்று வீசும் லாமினார் பெட்டிக்குள் வைத்து, கிருமிநீக்கிய தண்ணீரில் குளோரின் வாடை போகும்வரை அலசல்.

தட்டுக்கான கலவை எளிது. 100 மில்லிக்கு 0.2 கிராம் கரையும் ஸ்டார்ச், 1.5 கிராம் அகார், 10 மில்லிமோலார் அளவுக்குக் கால்சியம் குளோரைடு. ஆல்பா-அமிலேஸின் கட்டமைப்பே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் இதை விட்டுவிடக் கூடாது. பிஹெச்சை 5-ஐ ஒட்டி வைக்க சக்சினேட் பஃபர். ஆட்டோகிளேவ் செய்து, கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகுதான் ஹார்மோனைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் ஆட்டோகிளேவ் சூட்டில் ஜிப்ரெலினின் ஒரு பகுதி சிதைந்துவிடும்.

ஸ்டாக், அதாவது அடர்கரைசல் தயாரிப்பில் ஒரு விஷயம். நாங்கள் பயன்படுத்தும் ஜிப்ரெலின் வகையான ஜிஏ3 தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். 34.6 மில்லிகிராமை 10 மில்லி எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதைப் பத்தில் ஒன்றாக்கி, அதில் 100 மைக்ரோலிட்டரை 100 மில்லி அகாரில் விட்டால் தட்டில் 1 மைக்ரோமோலார். எதிர் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்துக்கு 26.4 மில்லிகிராம், 10 மில்லி எத்தனால். அதில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் தட்டில் 10 மைக்ரோமோலார். அப்சிசிக் அமிலம் வெளிச்சத்தில் கெடும் என்பதால் குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள் போட்டு வைக்க வேண்டும். இரண்டு ஹார்மோனும் சேரும் தட்டில் 200 மைக்ரோலிட்டர் எத்தனால் போகிறது அல்லவா, மற்ற எல்லாத் தட்டுகளிலும், வெறும் கன்ட்ரோலிலும்கூட, வெறும் எத்தனால் ஊற்றி அதே 200-க்குச் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கேள்வி கேட்பவருக்கு நம்மிடம் பதில் இருக்காது.

வெட்டிய முகம் கீழே அகாரில் படும்படி வைத்து, 30 டிகிரியில், இருட்டில். மூன்று நான்கு நாள் ஆகும்.

இந்த இடைவெளியில் வரும் எதிரி பூஞ்சை. அது தட்டை அசிங்கப்படுத்துவதோடு நிற்பதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் தாங்களே அமிலேஸ் சுரப்பவை. ஹார்மோன் இல்லாத தட்டில் பூஞ்சை ஏறினால், ஹார்மோன் கொடுத்தது போலவே அருமையான வட்டம் வரும். அதை நம்பினால் ஆய்வே தலைகீழாகப் போகும். அதனால் எங்கள் விதி கறாரானது: ஓர் அரிசியில் வெள்ளை நூல் தெரிந்தாலும் அந்தத் தட்டு முழுவதும் கணக்கில் சேராது. கலவையில் பூஞ்சையை அடக்கும் நிஸ்டாட்டினும் பாக்டீரியாவை அடக்கும் குளோரம்பெனிகாலும் சேர்த்த பிறகு, தட்டுகள் ஓரளவு தப்பித்தன. மாப்பிள்ளைச் சம்பா கொஞ்சம் அதிகமாகவே படுத்தியது. அதை ஒரு தட்டுக்குக் குறைந்த எண்ணிக்கையில் தள்ளித்தள்ளி வைத்ததும் சரியானது.

அயோடின் ஊற்றும் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். 2 சதவீத பொட்டாசியம் அயோடைடில் கரைத்த 0.2 சதவீத அயோடின் கரைசலை, இடுக்கியால் அரிசிகளை எடுத்துவிட்டு, தட்டின் ஓரத்திலிருந்து மெதுவாக விட வேண்டும். பழுப்பாகப் பரவும் திரவம் சில நொடிகளில் அகார் முழுவதையும் கருநீலமாக்குகிறது. ஹார்மோன் இல்லாத தட்டில் அந்த நீலம் எங்கும் உடையவில்லை, அரிசி இருந்த தடம்கூட லேசாகத்தான். ஜிஏ3 தட்டில் ஒவ்வோர் அரிசி இருந்த இடத்தைச் சுற்றியும் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம், வெட்டின மாதிரி விளிம்பு. ஐஆர் 64-லும் அப்படித்தான், மாப்பிள்ளைச் சம்பாவிலும் அப்படித்தான். குட்டை ரகத்தின் அலியூரோன் ஹார்மோனை நன்றாகவே கேட்கிறது. கருவோடு இருந்த பாதிகளை வைத்த தட்டில், நாம் எதுவும் கொடுக்காமலே வட்டம் வந்தது. அப்சிசிக் அமிலமும் ஜிஏ3-உம் சேர்ந்த தட்டில் வட்டம் சுருங்கி, பல அரிசிகளில் இல்லவே இல்லை. படத்தை உடனே எடுத்துவிடுங்கள், நிறம் நிற்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு ரகத்தின் வட்டங்களை அளந்து, எது பெரிது என்று ஒப்பிடும் ஆசை வரும். செய்யக் கூடாது. அரிசியின் பருமன் வேறு, செந்தவிட்டில் இருக்கும் டானின் போன்ற பொருள்கள் நொதியையே மந்தப்படுத்தலாம். ஒரே ரகத்துக்குள் ஹார்மோன் உள்ளது, இல்லாதது என்று ஒப்பிடுவதோடு இந்தத் தட்டின் வேலை முடிகிறது.

அடுத்த கேள்வி: நொதி வந்தது சரி, அதற்கான மரபணு முடுக்கப்பட்டதால் வந்ததா? அதற்கு, முடுக்கப்பட்ட மரபணுவிலிருந்து உருவாகும் நகலான ஆர்என்ஏ வேண்டும். இந்த ஆய்விலேயே என்னை அதிகம் வேலை வாங்கிய பகுதி இதுதான்.

இலையில் ஆர்என்ஏ எடுப்பவர்கள் அரிசியில் எடுக்கும் கஷ்டத்தைக் கற்பனை செய்ய முடியாது. பாதி அரிசியில் உயிருள்ள செல் ஒரே ஒரு வரிசை, மீதி எல்லாம் மாவு. கிட்டில் வரும் வழக்கமான திரவத்தைப் போட்டால் குழாய்க்குள் கூழ்தான் மிஞ்சுகிறது. தாவரங்களுக்குப் பரவலாகப் பயன்படுத்தும் சிடிஏபி முறை 65 டிகிரியில் சூடாக்கச் சொல்கிறது. அரிசி மாவு கஞ்சியாக ஆரம்பிக்கும் சூடும் ஏறக்குறைய அதுதான்! ஒருமுறை கஞ்சியானால் எத்தனை வேகத்தில் சுற்றினாலும் தெளியாது. அதனால் சூடே இல்லாமல் செய்தோம். திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, உருகுவதற்குள் குளிர்ந்த எஸ்டிஎஸ் பஃபரும் ஃபீனாலும் சேர்த்து, குளிரிலேயே சுற்றி, மாவை முழுசாக அடியில் படியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்துக் குளோரோஃபார்ம் அலசல். அப்புறம் லித்தியம் குளோரைடை 2 மோலார் வரும்படி சேர்த்து, இரவு முழுக்கக் குளிரில். லித்தியம் ஆர்என்ஏவைக் கீழே இறக்கும், மாவுச்சத்தின் மிச்சமும் டிஎன்ஏவின் பெரும்பகுதியும் மேலேயே நிற்கும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மட்டும் கூடுதலாகப் பிவிபியும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலும். இல்லாவிட்டால் செந்தவிட்டின் பாலிஃபீனால்கள் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு, உருண்டை பழுப்பாக இறங்குகிறது.

தரத்தைப் பார்க்க எல்லோரும் 260/280 விகிதத்தைத்தான், அதாவது அந்த இரண்டு நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சப்படும் விகிதத்தைத்தான், முதலில் பார்ப்பார்கள். தானியத்தில் 260/230-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். சர்க்கரைச் சங்கிலிகளும் பாலிஃபீனால்களும் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த எண்தான் விழும். அது 2-ஐ ஒட்டி வரும்வரை எத்தனாலில் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஜெல்லில் 25எஸ், 18எஸ் என்ற இரண்டு ரைபோசோம் ஆர்என்ஏ பட்டையும் கூர்மையாகத் தெரிந்த பிறகுதான், டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் கொடுத்து, ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகலான சிடிஎன்ஏ செய்தேன். அதை அளவு காட்டும் பிசிஆரில் பெருக்கினால், மரபணு அதிகம் முடுக்கப்பட்ட மாதிரி முந்தைய சுழற்சியிலேயே எழும்.

எந்த மரபணுவை அளப்பது என்பதிலும் யோசனை வேண்டும். நெல்லில் ஆல்பா-அமிலேஸ் மரபணுக்கள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன, பத்து வரை. எல்லாம் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆர்-அமி3டி என்பது சர்க்கரை தீர்ந்துபோனால் முடுக்கப்படுவது. அலியூரோனில் ஜிப்ரெலினுக்கு ஆடுவது ஆர்-அமி1ஏ. குடும்பத்துக்குள் இவை ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை என்பதால் பிரைமரைப் புரதத்துக்கான பகுதியில் வைத்தால் அண்ணன் தம்பி எல்லாம் சேர்ந்து பெருகும். மரபணுவின் வால்பக்கம், புரதமாக மாறாத பகுதியில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம், பிரைமர் அங்கே. அந்தப் பகுதியில் பிரைமருக்கு நடுவே இன்ட்ரான் (டிஎன்ஏவில் இருந்து, முதிர்ந்த ஆர்என்ஏவில் இல்லாமல் போகும் துண்டு) கிடைக்காததால், மிச்சமிருக்கும் டிஎன்ஏவும் அதே அளவில் பெருகிவிடும். ஆகவே ஆர்என்ஏவை சிடிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத கன்ட்ரோல் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டாயம். நீர்த்தல் வரிசை போட்டு வரைந்த கோட்டின் சாய்வு -3.1-க்கும் -3.6-க்கும் இடையில் வந்த, அதாவது சுழற்சிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்கும் பிரைமர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அளவுகோலாக வைக்கும், எந்த நிலையிலும் மாறாத ஒப்பீட்டு மரபணுவாக 18எஸ்ஸைப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. அது செல்லில் அளவுக்கு மீறிக் கிடப்பதால், நாம் அளக்கும் மரபணு 25-ஆவது சுழற்சியில் எழும்போது அது பத்துக்குள்ளேயே எழுந்துவிடும், ஒப்பீட்டில் அர்த்தமில்லை. ஊறும் விதையில் செல்லின் கட்டமைப்பே மாறிக்கொண்டிருப்பதால் ஆக்டினையும் நம்பத் தயக்கம். யூபிக்யூ5, இஇஎஃப்1-ஆல்பா என்ற மரபணுக்கள் இரண்டையும் சேர்த்து வைத்தேன். எங்கள் மாதிரிகளில் இரண்டும் கடைசிவரை ஒரே சீராக நின்றன.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே தட்டின் அரிசிகளில் எடுத்த ஒரே ஆர்என்ஏவை மூன்று குழியில் ஊற்றி, மூன்று மறுபடிச் சோதனை என்று எழுதுவது தவறு. அது பிப்பெட்டின் நடுக்கத்தை அளக்கிறது, நெல்லை அளப்பதில்லை. தனித்தனி நாளில், தனித்தனியாக வெட்டி, தனித்தனித் தட்டில் வைத்த அரிசித் தொகுதிகள்தான் உண்மையான மறுபடிச் சோதனை. இதனால் வேலை பல மடங்காகிறது. வேறு வழியில்லை.

முடிவு தட்டில் பார்த்ததைத்தான் எண்ணில் சொன்னது. ஹார்மோன் இல்லாத மாதிரிகளில் ஆர்-அமி1ஏ மிகத் தாமதமாக எழ, ஜிஏ3 கொடுத்த மாதிரிகளில் பல சுழற்சி முன்னாலேயே எழுந்தது, இரண்டு ரகத்திலும். ஒரு சுழற்சி இரண்டு மடங்கு, ஏழு சுழற்சி என்றால் 128 மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒற்றை வரிசைச் செல்களுக்குள் எத்தனை பெரிய மாற்றம் நடக்கிறது என்பது புரியும்.

நேரவாரியாக 3, 6, 12, 24 மணிக்கு மாதிரி எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆர்-அமி1ஏ ஏறும் முன்பே ஜிஏ-மிப் என்ற மரபணு ஏறுகிறது. ஜிஏ-மிப் ஒரு முடுக்கிப் புரதம். ஆர்-அமி1ஏவின் முன்பகுதியில் டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ என்ற எழுத்து வரிசை இருக்கும் இடத்தில் அது போய் உட்கார்ந்தால்தான் அமிலேஸ் மரபணு வேகமாக ஓடும். அப்படியானால் ஜிஏ-மிப்பை யார் இதுவரை அடக்கி வைத்திருந்தது? எஸ்எல்ஆர்1, அதாவது டெல்லா என்ற தடுப்புப் புரத வகையின் நெல் வடிவம். ஹார்மோன் ஜிஐடி1 என்ற ஏற்பியில் போய் அமர்ந்ததும், ஏற்பியின் ஒரு பகுதி மூடி போல மேலே கவிகிறது. அந்த மூடியில் எஸ்எல்ஆர்1 ஒட்டிக்கொள்கிறது. உடனே ஜிஐடி2 அடங்கிய புரதக் கூட்டம் அதற்கு அழிவு முத்திரை குத்திவிட, செல்லின் புரோட்டியாசோம் அதைத் துண்டு துண்டாக்குகிறது. ஆக, ஜிப்ரெலின் எந்த மரபணுவையும் நேராகத் தொட்டு முடுக்குவதில்லை. தடுத்து நிற்பவரை அகற்றுகிறது, அவ்வளவுதான். ஜிஐடி1 ஏற்பியை 2005-இல் கண்டுபிடித்ததே நெல்லில்தான். அந்த ஏற்பி பழுதான நெல்லின் பாதி அரிசிக்கு எத்தனை ஜிப்ரெலின் கொடுத்தாலும் அமிலேஸ் வராது. எஸ்எல்ஆர்1 பழுதான நெல்லுக்கு ஹார்மோனே வேண்டாம், தானாக வரும். நான் செய்த அதே சோதனையில் பார்த்த முடிவுகள்தான் அவை என்பதால், அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது படங்கள் எனக்குப் பழகியவை போல இருந்தன.

அரிசியில் சரி, தண்டிலும் இதேதானா என்று கேட்பார்கள். குட்டை என்பது தண்டு விவகாரம்தானே. அதற்கு நாற்றுச் சோதனை. இரண்டு ரகத்தையும் முளைக்கவைத்து, இரண்டாவது இலை வெளிவரும் பருவத்தில் நுண்பிப்பெட்டால் ஒரு துளி ஜிஏ3 வைத்து, சில நாள் கழித்து இரண்டாவது இலையுறையின் நீளத்தை அளந்தோம். துளி வாங்கிய ஐஆர் 64 நாற்று, வாங்காத உடன்பிறப்பைவிடத் தெளிவாக நீண்டு நின்றது. இன்னொரு தொகுதியில் மாப்பிள்ளைச் சம்பா விதையை யூனிகோனசோல் கரைசலில் ஊறவைத்தோம். ஜிப்ரெலின் தயாரிப்பையே அடைக்கும் பொருள் அது. வயலில் நெஞ்சளவு நிற்கும் ரகம், தட்டில் கரும்பச்சையாகக் கட்டைகுட்டையாக வந்தது. அதற்கும் ஒரு துளி வைத்ததும் எழுந்துகொண்டது. ஒரு ரகத்தில் பிறவியிலேயே இருக்கும் பற்றாக்குறையை இன்னொரு ரகத்தில் மருந்தால் உண்டாக்கி, இரண்டையும் ஒரே துளியால் தீர்க்க முடிகிறது. எனக்கு வேண்டிய உறுதி கிடைத்தது.

இதில் ஒரு நுணுக்கம். நெல் தன் தண்டுக்குச் செய்துகொள்வது முக்கியமாக ஜிஏ1. நாம் கொடுப்பது பூஞ்சையிலிருந்து கிடைக்கும் ஜிஏ3. செடி வேண்டாத ஜிப்ரெலினைச் செயலிழக்கச் செய்யும் நொதியால் ஜிஏ3-ஐ எளிதில் தொட முடியாது, அதனால் அது செடிக்குள் நீண்ட நேரம் நிற்கும். கலப்பின நெல் விதை உற்பத்தியில் கதிரை வெளியே இழுக்க இதையே தெளிக்கிறார்கள் என்றால் அந்த வீரியமும் ஒரு காரணம். என் எண்களைச் செடியின் இயல்பான நிலையோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது மேஜையில் இருப்பது அப்சிசிக் அமிலத் தட்டின் மாதிரிகள். ஜிஏ3-ஓடு அப்சிசிக் அமிலமும் சேர்ந்த அரிசியில் ஆர்-அமி1ஏ எழவில்லை, ஜிஏ-மிப்பும் எழவில்லை. பார்லியில் இதே நிலையில் டெல்லா புரதம் வழக்கம்போல அழிந்துவிடுகிறது, தடை அதற்குக் கீழே எங்கோ விழுகிறது என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். அதாவது காவலாளி போன பிறகும் கதவு திறக்கவில்லை. நெல்லிலும் அப்படித்தானா என்பதை ஆர்என்ஏ சொல்லாது, புரதத்தைத்தான் பார்க்க வேண்டும். எஸ்எல்ஆர்1-ஐ மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி வந்ததும், புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைத் தொடங்குகிறேன். அதற்கான அரிசிகளை, ஜிஏ3 கொடுத்துப் பத்து நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரம் வரை இடைவெளி விட்டு, இரண்டு ரகத்திலும் வெட்டி உறையவைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.